ஆறு வரிகளும் பதினெட்டு நிமிடங்களும்

மார்ச் 3, செவ்வாய்

படிவம் இரண்டாவது முறையாகத் திரும்பி வந்துவிட்டது. 'வருகையின் நோக்கம்' என்ற கட்டத்தில் "என் மகனைப் பார்க்க" என்று எழுதியிருந்தேன். அதன் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. கான்வென்ட்டை விட்டு வந்த பிறகு என் கையெழுத்தின் மேல் யாரும் பெருக்கல் குறி போட்டதில்லை. உடனே தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"மூணே மூணு நோக்கம்தாம்மா இருக்கு. ஓய்வு, பழுது, எரிபொருள். ஏதாவது ஒண்ணை எழுதுங்க" என்றார் படகுத்துறை எழுத்தர்.

"மகனைப் பாக்கறது இதுல எதுல வரும்?"

கொஞ்சம் யோசித்தார். "அது உங்க மகன் எப்படிப்பட்டவர்ங்கறதைப் பொறுத்ததும்மா."

ஓய்வு என்று எழுதினேன். பொய்தான். அவனைப் பார்ப்பது எனக்கு ஒருநாளும் ஓய்வாக இருந்ததில்லை.

அவன் மருத்துவராக இருக்கும் ஊரில் கடற்படைத் தளம் ஒன்று இருக்கிறது. அதை ஒட்டினாற்போல் பொதுமக்களின் படகுத்துறை. பஸ்ஸில் போய் இறங்கினால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கடல் வழியாகப் பாய்ப்படகில் போனால் முன்கூட்டியே படிவம், ஆள் பட்டியல், படகின் நீளம், வந்து சேரும் நேரம். பத்து நிமிடம்கூட முன்னே பின்னே ஆகக்கூடாதாம். எனக்கு இதில் குறையில்லை. நேரத்துக்கு வரச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

மார்ச் 4, புதன்

ஏற்றுக்கொண்டார்கள். 12ஆம் தேதி, காலை 11.00. பொறுப்பாளர்: நான். உதவியாள்: நாத்தனார்.

மார்ச் 6, வெள்ளி

மகன் பேசினான்.

"அம்மா, பஸ்ல வந்தா நாலு மணி நேரம். நீங்க மூணு நாள் தண்ணில வரப்போறீங்க. எழுபத்துநாலு வயசுல."

"எழுபத்துமூணே முக்கால்."

"சரி. முக்கால்."

என் கணவர் போய் மூன்று வருடமாகிறது. மூன்று வருடமாக இவன் ஒரே பாட்டு: படகை வித்துடுங்க. நானும் அவரும் ஒரே நாளில்தான் படகோட்டும் தேர்வு எழுதினோம். அவரைவிட எனக்கு நான்கு மதிப்பெண் அதிகம். இதை மகனுக்கு இன்றும் நினைவூட்டினேன்.

"அப்பா பக்கத்துல இருந்தாரும்மா. இப்ப நீங்க தனியா ஓட்டப்போறீங்க."

"அத்தை இருக்காளே."

"அத்தை டீ போடுவாங்க."

அதை மறுக்க முடியவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தம். எந்த விபரீதமும் இல்லாமல் நான் அங்கே போய்ச் சேர்ந்தால், படகை விற்கும் பேச்சை இனி அவன் எடுக்கமாட்டான். ஏதாவது நடந்தால், நானே விற்றுவிடுவேன். வார்த்தை கொடுத்திருக்கிறேன். சொல்லும்போதே மேஜையை மூன்றாவது முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அது தெரியாது என்பது ஒரு வசதி.

மார்ச் 8, ஞாயிறு

பதினொரு விதிகள் அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். உரக்கப் படித்தேன். நாத்தனார் காலை நீட்டிக்கொண்டு கேட்டாள். அவரின் ஒரே தங்கை, அறுபத்தெட்டு வயது, முப்பது வருடம் ஆஸ்பத்திரி நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "ஏன்" என்று கேட்பவர்களிடம் "நேரமில்ல, டியூட்டி" என்பாள்.

விதி நான்கு: படம் எடுக்கக் கூடாது. அவளுடைய கைபேசியையும் என்னுடையதையும் பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, மேலே டேப் ஒட்டிவிட்டேன்.

"பிஸ்கட்டை எங்க வெச்சீங்க அண்ணி?"

"பையில."

"அப்ப சரி. போன் எங்க இருந்தா எனக்கென்ன."

மார்ச் 10, செவ்வாய்

6.50க்குக் கயிறு அவிழ்த்தோம். 7.20க்கு முகத்துவாரம். 7.35க்கு இயந்திரத்தை நிறுத்திப் பெரிய பாயை ஏற்றினேன். புதுப் போர்வையை உதறுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது, பிறகு அமைதி, பிறகு தண்ணீர் மட்டும். மூன்று வருடம் ஆகிவிட்டது இந்தச் சத்தத்தைக் கேட்டு. என் முழங்கால்கள் நேற்று வரை வலித்தன. இன்று அவை வாயே திறக்கவில்லை.

நாத்தனார் டீ வடிகட்டியில் இருந்த சக்கையைக் கடலில் உதறினாள். வடிகட்டியும் சேர்ந்து போயிற்று. அதன் பிறகு சக்கையோடுதான் டீ. அவள் சலித்துக்கொள்ளவில்லை: "மென்னு சாப்பிடுங்க. நார்ச்சத்து."

மாலை 4.10க்கு ஒரு சிறிய வளைகுடாவில் நங்கூரம் போட்டோம். ஒரு கீறல் இல்லை. மகனே, கேள்.

மார்ச் 11, புதன்

எழுதத்தான் வேண்டும். எழுதாமல் விட்டால் இது நாட்குறிப்பு இல்லை, விளம்பரம்.

மதியம் 1.50க்குக் கடிகாரம் பார்த்தேன். அடுத்து பார்த்தபோது 2.08. நடுவில் ஒன்றுமே இல்லை. தூங்கிட்டேன். சுக்கானைப் பிடிச்சபடியே, வாயைப் பொளந்துக்கிட்டு. வேற எப்படிச் சொல்றது? பதினெட்டு நிமிஷம்! இடது பக்கம் பாறைத் திட்டு இருக்கு, வரைபடத்துல நானேதான் வட்டம் போட்டு வெச்சேன். இன்னும் கொஞ்சம் திரும்பியிருந்தா — வேண்டாம்.

விழித்தபோது படகு திசையை விட்டு இம்மிகூட விலகியிருக்கவில்லை. பாய்களை அவ்வளவு கச்சிதமாக இழுத்துக் கட்டியிருக்கிறேன் என்று தெரிகிறது. ஆறுதல் என்றால் அது ஒன்றுதான். எதிரே நாத்தனார் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"காத்து நல்லாருக்கு, இல்ல அண்ணி?"

"ம்" என்றேன். அவள் கவனிக்கவில்லை. நல்லவேளை.

மகனிடம் சொல்வேனா? சொன்னால் படகு போச்சு. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, எதற்குச் சொல்ல வேண்டும்? இந்தக் கடைசி வாக்கியத்தை எங்கள் கான்வென்ட் மதர் பார்த்திருந்தால் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருப்பார்.

மார்ச் 12, வியாழன், காலை

9.30. மஞ்சள் மிதவைக்கு வந்துவிட்டோம். அழைப்பு வரும்வரை இங்கேதான் சுற்ற வேண்டும். சும்மா இருக்க எனக்கு வராது. ஆகவே:

9.35 ██████████ ██████
9.48 ████████ ████ ███████
9.52 ██████ ████████████
10.04 █████████ ███
10.11 ███████ ██████ ████████
10.19 ████████████ █████

(ஓரத்தில், பிறகு சேர்த்தது: மேலே உள்ள ஆறு வரிகளை அடித்தது நான் அல்ல. காரணம் அடுத்த பக்கங்களில்.)

10.25. வயர்லெஸ்ஸில் அழைத்தேன். பதில் சொல்லும் பெண் வாக்கியம் முடிவதற்குள் பொத்தானை விட்டுவிடுகிறாள். "காத்திருங்கள், உங்கள் படகை நோக்கி —" என்ன வருகிறது? திமிங்கிலமா?

10.40. திமிங்கிலம் இல்லை. சாம்பல் நிற விரைவுப் படகு. ஒரு பெண் அதிகாரி, மூன்று காவலர்கள். அதிகாரியின் தொப்பி நேராக இருக்கிறது. மூன்றாவது காவலர் சட்டைப் பொத்தான் ஒன்று போடவில்லை.

மார்ச் 12, மாலை (ரொட்டி சுற்றி வந்த தாளில்)

நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இந்தத் தாளில் எண்ணெய் பிசுக்கு. பேனா வழுக்குகிறது.

நடந்தது இது. அதிகாரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஏறும்போதே காலணியைக் கழற்றிவிட்டு ஏறினாள், எனக்குப் பிடித்துப்போயிற்று. லைஃப் ஜாக்கெட், தீயணைப்பான், அடையாள அட்டை, எல்லாம் பார்த்தாள். எல்லாம் சரி.

"படம் ஏதாவது எடுத்தீங்களா மேடம்?"

பிஸ்கட் டின்னைக் காட்டினேன். டேப் பிரிக்காமல் இருந்தது. அவள் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. அப்போதுதான் காவலர் ஒருவர் இருக்கையிலிருந்து என் நோட்டை எடுத்து நீட்டினார்.

புரட்டினாள். நின்றாள். "இதுல எங்க கப்பல் எல்லாத்தோட நம்பரும் இருக்கே. எந்தத் திசைல போச்சுன்னு வேற இருக்கு."

"ஆமா. நேரமும் இருக்கு."

"ஏன் எழுதினீங்க?"

"படம் எடுக்கக் கூடாதுன்னுதான் உங்க விதில இருக்கு. எழுதக் கூடாதுன்னு பதினொண்ணுல எதுல இருக்கு?"

அவள் பையிலிருந்து தன்னுடைய பிரதியை எடுத்துப் படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். "இல்லதான்" என்றாள். குரலில் ஒரு வருத்தம்.

அத்தோடு விட்டிருப்பாள். நாத்தனார் உதவி செய்கிறேன் பேர்வழி என்று குறுக்கே விழுந்தாள்: "தப்பா நினைக்காதீங்க மேடம். எங்க அண்ணி எதையும் விட மாட்டாங்க. பால்காரர் வர்ற நேரம், எதிர்வீட்டுல விளக்கு போடற நேரம், எல்லாத்தையும் வருஷக்கணக்கா எழுதி வெச்சிருக்காங்க."

அதிகாரி அதையும் குறித்துக்கொண்டாள்.

முழுவதும் படித்துப் பார்த்துத்தான் தருவார்களாம். படகு துறையில் கட்டியாகிவிட்டது. கம்பி வேலிக்கு வெளியே நாங்கள் போகக் கூடாது. முழுவதும் என்றால் பதினொன்றாம் தேதியும்தான். அதில் என் கையெழுத்தில், தெளிவாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கிறது. துறைமுக அலுவலகத்துக்கு அது போனால் என் சான்றிதழ் போகும். மகனிடம் போனால் படகு போகும்.

ஏன் அவ்வளவு அழகாக எழுதித் தொலைத்தேன்?

மார்ச் 13, வெள்ளி

மகன் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். கம்பி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தான், சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தான். ஆறு மாதம் கழித்துப் பெற்ற தாயைப் பார்க்கிற லட்சணம்.

"ஆஸ்பத்திரி பூரா பேசறாங்கம்மா. டாக்டரோட அம்மாவை உளவு பாத்ததுக்குப் பிடிச்சு வெச்சிருக்காங்கன்னு."

"பிடிச்சு வெக்கல. படிக்கறாங்க."

"இது விபரீதத்துல சேருமா, சேராதா?"

அவனே பதிலும் சொன்னான்: "சேராது. விதில இல்லாததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? ஓட்டிக்கிட்டு வந்தது சுத்தமா வந்தீங்களா, அதைச் சொல்லுங்க."

"பதினொரு மணின்னா பதினொரு மணிக்கு மிதவையைத் தாண்டினேன்" என்றேன். அது உண்மை. அவன் கேட்டதற்குப் பதில் அல்ல.

நாத்தனார் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பசியாக இருக்கும்.

மார்ச் 14, சனி

நோட்டு கைக்கு வந்துவிட்டது. இது அதில்தான் எழுதுகிறேன். தனித்தாள்களை ஒட்டிவிட்டேன்.

காலை பத்து மணிக்கு அதிகாரி தன் அறைக்குக் கூப்பிட்டாள். இரும்பு மேஜை, ஒரு மின்விசிறி, மேஜையின் ஓரத்துக்கு இணையாக வைத்த பென்சில்கள். அறையைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போயிற்று. ஆறு வரிகளை அளவுகோல் வைத்து அடித்திருந்தாள். ஒரு கோடுகூட வெளியே பிசகவில்லை.

"ரெண்டு ராத்திரி உக்காந்து முழுசும் படிச்சேன் மேடம். எங்க ஆளுங்க எழுதற பதிவேட்டைவிட உங்களுது சுத்தம். அந்தப் பொத்தான் போடாதவரை இன்னிக்குக் காலைல நிக்க வெச்சுப் பேசிட்டேன்."

"நல்லது."

"வயர்லெஸ் பொத்தானையும் இனிமே கடைசி வரைக்கும் அமுக்கிப் பிடிக்கறேன்."

அந்தக் குரல் இவளுடையதா! வெட்கமாக இருந்தது. ஆனால் நான் எழுதியது சரிதானே.

கையெழுத்து வாங்கினாள். நோட்டை நீட்டினாள். நான் பிடித்தேன், அவள் விடவில்லை.

"பதினொண்ணாம் தேதி."

நோட்டை இன்னும் கொஞ்சம் என் பக்கம் இழுத்தேன்.

"உங்க பையனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"என் வேலை இந்த ஆறு வரியோட முடிஞ்சுது. மத்த பக்கம் எல்லாம் உங்களோடது." விட்டுவிட்டாள். பிறகு, நாற்காலியைச் சரியாக உள்ளே தள்ளிக்கொண்டே, "பன்னெண்டாவது விதி ஒண்ணு சேக்கப்போறோம். வாக்கியத்தை நீங்க கொஞ்சம் பாத்துத் தர்றீங்களா?" என்றாள்.

பார்த்துத் தந்தேன். இரண்டு கமா அதிகம் வைத்திருந்தாள்.

மார்ச் 15, ஞாயிறு

மகன் வீடு. மூன்றாவது மாடி. தனியாக இருக்கும் ஆண்பிள்ளையின் சமையலறை: ஒரு வாணலி, ஏழு கத்தரிக்கோல். எதற்கு ஏழு? கேட்டேன். தெரியாதாம்.

ஆம்லெட் செய்து கொடுத்தான். சாப்பிட்டு முடிந்ததும் தொண்டையைச் செருமினான்.

"அம்மா, நான் தோத்துட்டேன். இனிமே படகு பத்திப் பேச மாட்டேன். நிஜமாவே பெருமையா இருக்கு. பக்கத்துல அப்பா இல்லாம மூணு நாள், ஒரு தப்பு இல்லாம." எழுந்து வந்து என் தலையில் கை வைத்தான், நான் ஏதோ குழந்தை மாதிரி.

ஆம்லெட்டில் உப்பு அதிகம் என்று சொன்னேன்.

மார்ச் 16, திங்கள்

சொல்லவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

பள்ளியில் ஒருமுறை கணக்கில் எனக்குத் தவறாக ஐந்து மதிப்பெண் கூடுதலாகப் போட்டுவிட்டார்கள். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போது வயது பன்னிரண்டு. இப்போது மட்டும் எப்படி வைத்துக்கொள்வது? அவன் "பெருமையா இருக்கு" என்று சொன்னதிலிருந்து அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த விடைத்தாள்தான் தெரிகிறது.

மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தான். நோட்டைத் திறந்து பதினொன்றாம் தேதியை அவன் முன்னால் வைத்தேன். "படி" என்றேன்.

படித்தான். குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் போய் மூடினேன்.

"பதினெட்டு நிமிஷமா?"

"ஆமா."

"பாறை இருந்துச்சா?"

"அரை மைல்ல. வார்த்தை வார்த்தைதான். ஊருக்குப் போனதும் வித்துடறேன்." குரல் உடையவில்லை. அதற்குள் நாத்தனார் சோபாவிலிருந்து:

"யாரு தூங்கினா என்ன, நான்தான் பிடிச்சுட்டிருந்தேனே."

இரண்டு பேரும் திரும்பினோம். அவள் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஏழில் ஒரு கத்தரிக்கோல்.

"எதை?" என்றேன்.

"சுக்கானை. உங்க தலை சாஞ்சதும் நகர்ந்து உக்காந்து வாங்கிட்டேன். உங்க கை மேலயே என் கையை வெச்சுட்டு. நீங்க அசைஞ்சதும் விட்டுட்டேன்."

"நீ பிஸ்கட் தின்னுட்டிருந்தே!"

"இன்னொரு கை சும்மாதானே இருந்துச்சு? முப்பது வருஷம் நைட் டியூட்டி பாத்தவ அண்ணி நான். யாரு நிஜமா தூங்கறாங்க, யாரு கண்ணை மூடிட்டு நடிக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதா? நீங்க குறட்டை வேற விட்டீங்க."

"நான் குறட்டை விட மாட்டேன்."

"சரி. படகு விட்டுது."

மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அத்தை, உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"உங்கப்பா சொல்லிக் குடுத்தார். இவங்க உள்ள வரைபடத்துல கோடு போட்டுட்டு இருக்கும்போதெல்லாம் நான்தான் பிடிப்பேன். எத்தனை வருஷம்!"

அவர் என்னிடம் சொன்னதில்லை. இவளும் சொன்னதில்லை. நான் வரைபடத்திலிருந்து தலை தூக்கி, "இன்னிக்கு நல்லா நேரா ஓட்டறீங்க" என்று அவரைப் பாராட்டிய மதியங்கள் எத்தனை? அவற்றில் எத்தனை இவளுடையவை?

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

நகத்தை ஊதிவிட்டுச் சொன்னாள்: "சொன்னா நீங்க திருத்துவீங்க."

மகன் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தான். அவன் நோயாளிகளிடம் பேசும் குரல் அது. இதுவரை நான் கேட்டதில்லை. "அம்மா, படகுல ஏறினா நீங்க ஒருத்தர்தான்னு நினைச்சுத்தான் மூணு வருஷமா பயந்துட்டிருந்தேன். ரெண்டு பேர் இருந்திருக்கீங்க. அதை எங்கிட்ட யாராவது சொல்லியிருக்கலாம்."

"எனக்கே தெரியாதே" என்றேன்.

மூவரும் சிரித்துவிட்டோம். எனக்குச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

விற்க வேண்டாம் என்கிறான். ஒரே நிபந்தனை: அத்தையும் தேர்வு எழுதி, சான்றிதழ் வாங்க வேண்டும். மறைத்தே ஓட்டிக்கொண்டிருந்தால் இன்னொரு அதிகாரி இன்னொரு நோட்டில் படிப்பார் என்கிறான்.

மார்ச் 18, புதன்

காலை முழுவதும் அவளோடு பேசவில்லை. கோபம் யார் மேல் என்று யோசித்துப் பார்த்தேன். அவள் மேல் இல்லை. இல்லாத மனிதரோடு சண்டை போட வழியில்லை, அதனால் இருக்கிறவளிடம் காட்டினேன். பாய்களைக் கச்சிதமாகக் கட்டியதாக எழுதியிருக்கிறேனே, அந்த வரிதான் உறுத்துகிறது. அதிகாரி அதையும் அடித்திருக்கலாம்.

மூன்று மணிக்கு அவள் டீ கொண்டுவந்தாள். கடையில் புது வடிகட்டி வாங்கியிருக்கிறாள்.

"பேசுவீங்களா, இல்ல இன்னும் நேரம் ஆகுமா?"

"நாலு மணிக்குப் பேசறேன்."

3.40க்கே பேசிவிட்டேன். காற்று எதிரே வந்தால் எப்படி வளைத்து வளைத்து ஓட்டுவாய் என்று கேட்டேன். சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். ஒரே ஓர் இடத்தில் திருத்த வாயெடுத்தேன். டீயைக் குடித்தேன்.

மார்ச் 20, வெள்ளி

புறப்படுவதற்கும் படிவம் உண்டு. எழுத்தரிடம் நேரிலேயே போனேன். வேலி ஓரம் விதிகள் பலகையில், பார்ப்பதை எழுதவும் கூடாது என்ற பன்னிரண்டாவது விதி ஏறியிருக்கிறது. கமா எல்லாம் சரியாக இருக்கிறது.

'பொறுப்பாளர்' என்ற கட்டத்தில் என் பெயர். 'உதவியாள்' என்பதை அடித்துவிட்டு, 'மாற்றுப் பொறுப்பாளர் (தேர்வுக்கு விண்ணப்பித்தவர்)' என்று எழுதி அவள் பெயரைப் போட்டேன்.

"அப்படி ஒரு கட்டமே இல்லையேம்மா" என்றார் எழுத்தர்.

"இப்ப இருக்கு" என்றேன்.

கொஞ்சம் பார்த்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். வைத்தார். முத்திரை குத்தினார்.

மார்ச் 22, ஞாயிறு

8.00. கிளம்பினோம். மகன் துறை ஓரத்தில் நின்று, நாங்கள் மிதவை தாண்டும்வரை கை அசைத்தான். கைபேசிகள் இந்த முறையும் டேப் ஒட்டிய டின்னில்.

8.30. மிதவை. வேறு ஒன்றும் பார்க்கவில்லை.

12.15. காற்று வலப்பக்கம். நல்ல வேகம். ரொட்டி, முட்டை, சக்கை இல்லாத டீ.

1.30. சுக்கான் அவளிடம்.

1.32. பாயை ஓர் அங்குலம் தளர்த்தலாம். சொல்லவில்லை.

1.35. அவளே தளர்த்தினாள்.

3.20. இப்போதுதான் எழுந்தேன்.